ஆகாயத்தில் ஒரு தராசு

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)

பத்தாம் வகுப்பிலோ முதலாண்டு பிசிக்ஸ் லேபிலோ சிம்பிள் பெண்டுலம் ஆட்டாதவர் நம்மில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். நூலில் ஒரு குண்டு, கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். இருபது ஆட்டத்துக்கு எத்தனை செகண்டு என்று எண்ணி ஃபார்முலாவில் போட்டால் 'ஜி' வந்துவிடும். புத்தகத்தில் 9.81 என்று அச்சடித்திருக்கும். ஆனால் அது லண்டன், பாரிஸ் பக்கத்து மதிப்பு. துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. நம்ம செங்கல்பட்டில் 9.78தான். ஆகவே லேபில் எவனுக்காவது 9.78 வந்தால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அவன்தான் சரி!

இந்தத் துளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்பீர்கள். இதை வைத்துத்தான் இன்று ஆகாயத்தில் இருந்துகொண்டு பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடை போடுகிறார்கள். அதற்கு அடுத்த படியாக, அணுக்களையே பெண்டுலம் போலப் பயன்படுத்தும் குவாண்டம் சென்சாரை ஆகாயத்துக்கு அனுப்பப் போகிறார்கள். 'குவாண்டம்' என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எனக்கே புரிந்திருக்கிறது என்றால் உங்களுக்கும் புரியும்.

நம்ம பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் பழைய தொடர்பு உண்டு. ஜான் கோல்டிங்ஹாம் என்று ஒருவர், சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர். 1794ல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளியையும் ஆரம்ப காலத்தில் நடத்தியவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆனது. இவர் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1821ல் சென்னையில் பெண்டுலம் ஆட்டி, நம்ம ஊர் ஈர்ப்பை அளந்தார். ஒரு பக்கம் ஆட ஒரு செகண்டு எடுத்துக்கொள்ளும் பெண்டுலத்தின் நீளம் லண்டனைவிடச் சென்னையில் சுமார் 3 மில்லிமீட்டர் குறைவு. அந்த 3 மில்லிமீட்டருக்காக நாள்கணக்கில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். நாம் இருபது ஆட்டத்துக்கே கொட்டாவி விடுகிறோம்!

ஈர்ப்பு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? பூமி சுற்றுவதும், அது சரியான உருண்டையாக இல்லாததும் பெரிய காரணங்கள். அது போக, காலுக்கு அடியிலும் பக்கத்திலும் என்ன கனம் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்று நியூட்டன் சொன்னதை மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை நம்ம ஊர்ப் பொருளில் போட்டுப் பார்ப்போமே. மாமல்லபுரத்தில் சரிவில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரும் முட்டுக் கொடுப்பது போல நின்று போட்டோ எடுத்திருப்போம். அதன் எடை சுமார் 250 டன் என்று சொல்கிறார்கள். பாறையின் நடுவில் இருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அது நம்மை இழுக்கும் முடுக்கம் சுமார் 67 மைக்ரோகால் வருகிறது.

அது என்ன மைக்ரோகால்? செகண்டுக்குச் செகண்டு ஒரு சென்டிமீட்டர் வேகம் கூடினால் அது ஒரு 'கால்'. கலிலியோவின் பெயரில் இருந்து வந்த அலகு. அதில் பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோகால். இந்தக் கணக்கில் பூமியின் இழுப்பு சுமார் 98 கோடி மைக்ரோகால், வெண்ணெய் உருண்டையின் இழுப்பு வெறும் 67. ஐம்பது கிலோ ஆள் ஒருவரை அந்தப் பாறை இழுக்கும் விசை ஒரு அரிசி மணியின் எடைகூட வராது. ஆனாலும் இருக்கிறது. 98 கோடியில் 67ஐக் கண்டுபிடிக்கும் கருவி இருந்தால், கண்ணை மூடிக்கொண்டே "இங்கே ஒரு பெரிய பாறை இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். பாறையைச் சொல்ல முடிந்தால் தண்ணீரையும் சொல்லலாம். பரந்த இடத்தில் ஒரு மீட்டர் கனத்துக்குத் தண்ணீர் சேர்ந்தால் ஈர்ப்பு சுமார் 42 மைக்ரோகால் கூடும். மழைக்காலத்தில் பூமி கொஞ்சம் அதிகமாகவே நம்மை இழுக்கிறது என்றால் மிகையாகாது.

இதை ஆகாயத்தில் இருந்து அளந்து காட்டியது கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள். அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 2002 மார்ச்சில் அனுப்பியது. யோசனை மிக எளிது. ஒரே பாதையில் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்று முன்னால் போகிறது, இன்னொன்று பின்னால் போகிறது. கீழே கனமான இடம் வந்தால் முன்னால் போவதை அது முதலில் இழுக்கும். இடைவெளி கூடும். பிறகு பின்னால் வருவதையும் இழுக்கும். இடைவெளி குறையும். இந்தக் கூடுதல் குறைவை ஒரு மைக்ரான் அளவுக்கு அளந்தார்கள். தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கிரேஸ் 2017 வரை உழைத்தது. அதன் தம்பி, கிரேஸ் ஃபாலோ ஆன், 2018 மே மாதம் போனது.

அந்தச் செயற்கைக்கோள்கள் சொன்ன இரண்டு சேதிகள் நம்மைத் தொடுகின்றன. ஒன்று சுனாமி. 2004 டிசம்பர் 26ஆம் தேதி மாமல்லபுரம், கல்பாக்கம் கரையை அடித்த அந்த அலையைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கடல் பின்வாங்கியபோது மாமல்லபுரத்தில் மணலுக்கு அடியில் இருந்த செதுக்கிய பாறைகள் வெளியே தெரிந்ததும், மறுவருடம் தொல்லியல் துறை தோண்டி ஒரு பழைய கோயிலின் அடித்தளத்தைக் கண்டதும் நமக்குத் தெரிந்தவை. அதே பூகம்பத்தில் சுமத்ரா, அந்தமான் பக்கம் கடலடிப் பாறை இடம் மாறியதால் அங்கே ஈர்ப்பு சுமார் 15 மைக்ரோகால் மாறிவிட்டது. அதை கிரேஸ் பிடித்துவிட்டது என்று 2006ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. மேலே பறந்துகொண்டே பூமி நகர்ந்ததை எடை போட்டுச் சொல்லியிருக்கிறது!

இன்னொன்று தண்ணீர். 2009ல் ரோடெல் என்ற விஞ்ஞானியும் அவரது நண்பர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி பகுதியில் 2002 ஆகஸ்டில் இருந்து 2008 அக்டோபர் வரை காணாமல் போன நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், நிரம்பிய மேட்டூர் அணை 41 தடவை. ஆறு வருடத்தில்! பம்ப் செட் வைத்து உறிஞ்சியதுதான் காரணம் என்றார்கள். எந்தக் கேமராவாலும் இதைச் சொல்ல முடியாது. ஏரி வற்றினால் போட்டோவில் தெரியும். பாறைக்கு அடியில் வற்றினால் எடையில்தான் தெரியும்.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா போர்வெல் லாரியில் ராடு மாட்டுகிறவர். ஆழத்தை அவர் அடியில் சொல்ல மாட்டார், ராடில்தான் சொல்லுவார். ஒரு ராடு 20 அடி. திருக்கழுக்குன்றம் பக்கம் முன்பெல்லாம் பத்து ராடு இறக்கினால் ஈரம் தட்டுமாம். இப்போது முப்பது ராடு இறங்கியும் சில இடத்தில் வெறும் புகைதான். நீரோட்டம் பார்க்கிற பெரியவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் பாயிண்ட். எங்க தெருவில் ஒருவர் பெண்ணின் நகையை அடகு வைத்து அப்படி இரண்டு போர் போட்டார். இரண்டும் புகை. ஆகவே நான் கிரேஸ் கதையைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அவ்ளோ ஒசரத்துல இருந்து பாத்தா தண்ணி தெரியுதாடா?"

"தெரியாதுப்பா. எடைதான் போடுறாங்க."

"அப்ப பாயிண்ட் எங்க வைக்கணும்னு சொல்லிடுமா?"

சொல்லாது. அதுதான் பிரச்சினை. கிரேஸ் பார்ப்பது சுமார் 300 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பை. அதற்குள் சராசரியாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் கூடியதா, குறைந்ததா என்று சொல்லும். அதாவது தமிழ்நாட்டின் பெரும்பகுதியை ஒரே தட்டில் வைத்து எடை போடும் தராசு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது நம்ம பக்கத்து விவசாயக் கிணறுகளில் இருந்து டேங்கர் லாரிகள் ராத்திரி பகலாக ஓடின. செங்கல்பட்டுக் கிணறு எவ்வளவு இளைத்தது, தஞ்சாவூர் எவ்வளவு தேறியது என்று பிரித்துச் சொல்ல அந்தத் தராசால் ஆகாது. மேலும் நம்ம பக்கம் கருங்கல் பூமி. கிணற்றில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலும், பாறை வெடிப்பில் இருந்து உண்மையில் போன தண்ணீர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும். கிணற்றுக்காரருக்கு அது பெரிய நஷ்டம். தராசுக்கு அது தூசி.

சரி, தராசைக் கூர்மையாக்க வேண்டும். இங்கேதான் அணு வருகிறது.

ருபீடியம் என்று ஒரு உலோகம். 39 டிகிரியில் உருகிவிடும். நம்ம கத்திரி வெயிலே போதும். அதன் அணுக்கள் சாதாரண அறை வெப்பத்தில் செகண்டுக்கு சுமார் 300 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும். லேசர் ஒளியை எதிர்த்திசையில் அடித்து அதன் வேகத்தைக் குறைப்பார்கள். ஈ.சி.ஆர். ரோட்டில் எதிரே வரும் பஸ் மீது வேர்க்கடலையை எறிந்து எறிந்து நிறுத்துவது போல! ஒரு கடலை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒளித்துகள்கள் ஆயிரக்கணக்கில் வந்து மோதும்போது அணு செகண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்று எறும்பு மாதிரி ஊர ஆரம்பிக்கும். வேகம் குறைந்தால் குளிர்ந்தது என்று அர்த்தம். முழுப் பூஜ்யமான மைனஸ் 273 டிகிரிக்கு மேலே ஒரு டிகிரியில் லட்சக்கணக்கான ஒரு பங்குதான் மிச்சம். ஐஸ் பெட்டி எதுவும் இல்லை, வெறும் வெளிச்சம்! இந்த வித்தைக்காக ஸ்டீவன் சூ, கிளாட் கோஹன் தனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூவருக்கும் 1997ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி அடங்கிய அணு ஒரு குண்டு மாதிரி நடந்துகொள்வதில்லை, அலை மாதிரி நடந்துகொள்கிறது. கடற்கரைக் கோயில் ஓரத்தில் கிடக்கும் பாறைகளில் ஒன்றைக் கவனியுங்கள். வரும் அலை பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு பின்னால் மறுபடி சேரும். மேடும் மேடும் சேர்ந்தால் உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும். அணுவுக்கும் இதையே செய்கிறார்கள். முதல் லேசர் துடிப்பு அணு அலையை இரண்டு பாதையாகப் பிரிக்கும். இரண்டாவது துடிப்பு இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று திருப்பும். மூன்றாவது சேர்த்துவிடும். வழியில் ஈர்ப்பு எவ்வளவு இழுத்ததோ அதற்குத் தகுந்த மாதிரி மேடும் பள்ளமும் இடம் மாறியிருக்கும். அதை எண்ணினால் 'ஜி'. சூவின் குழு 1999லேயே இந்த முறையில் நூறு கோடியில் மூன்று பங்கு நுணுக்கத்துக்கு 'ஜி'யை அளந்து காட்டிவிட்டது. மைக்ரோகாலில் சொன்னால் 98 கோடியில் சுமார் 3!

பழைய கருவிகளில் ஸ்பிரிங் உண்டு, உலோகக் குண்டு உண்டு. ஸ்பிரிங் தளரும், வெயிலில் நீளும், வயசாகும். அடிக்கடி அதைச் சரிபார்க்க வேண்டும். நம்ம சர்வே லேபில் இருக்கும் டம்பி லெவலுக்கே வருடத்துக்கு ஒருமுறை பர்மனன்ட் அட்ஜஸ்ட்மென்ட் தேவைப்படுகிறதே! அணுவுக்கு வயசு கிடையாது. கலிஃபோர்னியாவில் இருக்கும் ருபீடியம் அணுவும் செங்கல்பட்டில் இருப்பதும் ஒரே அச்சு. அதனால்தான் வருடக்கணக்கில் மெதுவாக மாறும் நிலத்தடி நீரை அளக்க இது ஏற்றது என்கிறார்கள்.

சரி, இதை எதற்கு ஆகாயத்துக்குக் கொண்டுபோக வேண்டும்? இரண்டு காரணம். உலகம் முழுவதையும் சுற்றி வரலாம் என்பது தெரிந்ததே. இன்னொன்று நேரம். அணு எவ்வளவு நேரம் விழுகிறதோ, அந்த நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நுணுக்கம் கூடும். நேரம் இரண்டு மடங்கு என்றால் நுணுக்கம் நான்கு மடங்கு. பூமியில் அரை செகண்டு விழ 1.2 மீட்டர் போதும். இரண்டு செகண்டு விழ சுமார் 20 மீட்டர், அதாவது ஆறேழு மாடிக் கட்டடம் வேண்டும். ஆகாயத்தில் அணு பெட்டிக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கும். கட்டடம் வேண்டாம்.

இந்த இடத்தில் நம்ம கிளாஸில் ஒருவன் மடக்கினான். "மிதக்குதுன்னா அங்க ஈர்ப்பே தெரியாதேடா, எதை அளப்பே?" நல்ல கேள்வி. லிஃப்ட் கயிறு அறுந்தால் லிஃப்டும் விழும், உள்ளே இருக்கும் ஆளும் விழுவார், காலடியில் தராசு வைத்தால் பூஜ்யம் காட்டும். செயற்கைக்கோளும் அப்படி விழுந்துகொண்டே இருக்கும் லிஃப்ட்தான். அதனால் ஒரு அணுக் கூட்டத்தை வைத்துப் பயன் இல்லை. இரண்டு கூட்டம் வைக்கிறார்கள். ஒன்று பூமிக்குக் கொஞ்சம் பக்கத்தில், இன்னொன்று கொஞ்சம் தள்ளி. பக்கத்தில் இருப்பதைப் பூமி துளி அதிகமாக இழுக்கும். அந்த வித்தியாசம் லிஃப்டுக்குள்ளேயும் மறையாது. நம்ம கட்டடத்தின் தரைத் தளத்துக்கும் முதல் மாடிக்குமே பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் உண்டு. இப்படி வித்தியாசத்தை அளக்கும் கருவிக்கு கிரேடியோமீட்டர் என்று பெயர். இரண்டு கூட்டத்தையும் ஒரே லேசரால் அளப்பதால், செயற்கைக்கோள் குலுங்கினாலும் இரண்டிலும் ஒரே மாதிரி குலுங்கிக் கழிந்துபோகும். எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

இது வெறும் காகிதத் திட்டம் இல்லை. பூமியில் 2022லேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட கருவியை ரோட்டின் மேல் நகர்த்தி, அடியில் புதைந்திருந்த இரண்டு மீட்டர் சுரங்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசாவின் குளிர் அணு ஆய்வுக்கூடம் 2018ல் இருந்து வேலை செய்கிறது. அங்கே அணு அலைகளை வைத்து விண்வெளி நிலையத்தின் அதிர்வையே அளந்ததாக 2024ல் செய்தி வந்தது. 2025 ஏப்ரலில் நாசா, ஆகாயத்தில் ஈர்ப்பை அளக்கும் முதல் குவாண்டம் கிரேடியோமீட்டரைக் கட்டும் திட்டத்தை வெளியிட்டது. எடை சுமார் 125 கிலோ, பருமன் கால் கன மீட்டர். ஒரு பெரிய ஃபிரிட்ஜைவிடச் சின்னது! இந்தப் பத்தாண்டின் கடைசியில் அனுப்பிச் சோதிக்க எண்ணம். ஐரோப்பாவில் பிரான்சும் ஜெர்மனியும் முன்னின்று காரியோக்கா என்ற பெயரில் இன்னொரு முன்னோட்டம் தயாரிக்கின்றன. நம்ம நாட்டில் 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003.65 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. அதில் சென்சார் பிரிவுக்கு ஐஐடி பம்பாய் பொறுப்பு. ஐஐடி சென்னைக்குத் தகவல் தொடர்புப் பிரிவு.

இனி, அதிகமாகக் கனவு காணாமல் இருக்க இரண்டு விஷயம். முதலாவது, உப்பு. கோவளத்தில் இருந்து மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆர். ஓரமாக எத்தனையோ கிணறுகளில் கடல் நீர் ஏறிவிட்டது. நெம்மேலியில் 2013ல் தினம் 10 கோடி லிட்டர், 2024ல் இன்னொரு 15 கோடி லிட்டர் என்று கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்திருக்கின்றன. நல்ல தண்ணீரை உறிஞ்சிய இடத்தில் உப்புத் தண்ணீர் வந்து உட்கார்ந்தால் எடை கிட்டத்தட்ட அதேதான். தராசு ஏமாந்துவிடும். அதைக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் அம்மாக்கள் முதலில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, உயரம். கருவி எவ்வளவு கூர்மையானாலும், 500 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து பார்த்தால் கீழே இருக்கும் சின்னச் சின்னக் கனங்கள் ஒன்றோடு ஒன்று கலங்கித்தான் தெரியும். தாழ்வாகப் பறந்தால் காற்று உரசும், எரிபொருள் தீரும். அப்பாவின் பாயிண்ட்டை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லப் போவதில்லை. அதற்குத் தரையில் வைக்கும் கருவிதான் சரி. அதுவும் இன்று விலையில் நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

பின்னே நமக்கு என்ன லாபம்? மூன்று எண்ணை வைத்துப் பாருங்கள். இன்றைய தராசின் தட்டு சுமார் 300 கிலோமீட்டர். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தை ஒரு சதுரமாக்கினால் பக்கம் 54 கிலோமீட்டர். அது சீக்கிரம் நடக்காது. ஆனால் நடுவில் ஒன்று இருக்கிறது, பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் நுழைந்து, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக வயலூரில் கடலில் சேரும் ஆறு. 'சேரும்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். மணலுக்கு அடியில்தான் ஆறு. அதன் படுகை சுமார் 18,000 சதுர கிலோமீட்டர். சதுரமாக்கினால் பக்கம் 134 கிலோமீட்டர். அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள்கள் 100 கிலோமீட்டரை எட்டினால் பாலாற்றுப் படுகை தனியாக ஒரு தட்டில் வந்து உட்காரும். அங்கே தடுப்பணை கட்டினார்கள், இங்கே மணல் எடுத்தார்கள் என்று மூன்று மாநிலமும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, படுகை மொத்தத்தில் இந்த வருடம் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று யார் பக்கமும் சாயாத ஒரு கணக்கு மாதாமாதம் மேலே இருந்து வரும். ஆனால் அதிலும் மண் ஈரம், ஏரி, ஆறு, நிலத்தடி நீர் எல்லாம் கலந்தே இருக்கும். மழை அளவையும், கண்காணிப்புக் கிணறுகளில் டேப் இறக்கி எழுதிய மட்டத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த டேப் இறக்குகிற வேலை சிவில் டிப்ளமோ படித்த நம்ம ஆட்களின் வேலை.

இப்போதைக்கு அந்த எண் 300ல் நிற்கிறது.